பொம்மை வீடுகள் காட்டும் இல்வாழ்க்கை

ஒல்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில், ரைக்ஸ் மியூசியம் என வழங்கும் அரும்பொருட்காட்சிசாலையில், ஆள் உயரத்தை மிஞ்சிய மரப்பேழை ஒன்று நிற்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். புறமெங்கும் ஆமையோட்டையும் ஈயக் கலவையையும் இழைத்து அழகு செய்திருக்கின்றனர். இத்தகைய பேழையில் செல்வர் தம் ஆடைகளையோ அரிய ஏடுகளையோ வைத்துப் பூட்டுவது வழக்கம். ஆனால் இதனுள் நோக்குவோர் காண்பது ஒரு வீடு. மூன்று தட்டுகள், தட்டுக்கு மூன்றாக ஒன்பது அறைகள். மேல் தட்டில் துணி உலர்த்தும் அறையும், எரிபொருள் அடுக்கும் பரணும், குழந்தைகள் அறையும் உள்ளன. நடுத்தட்டில் விருந்தினர் கூடமும், நடைக்கூடமும், பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் பேற்றறையும் உள்ளன. கீழ்த்தட்டில் இரு சமையலறைகளும், சித்திரத் திரை தொங்கும் அறை ஒன்றும் உள்ளன. நாற்காலி முதல் துடைப்பம் வரை எல்லாம் ஒரே அளவில் சுருங்கியவை.

இதைச் செய்வித்தவள் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்னும் ஆம்ஸ்டர்டாம் மாது. கைம்பெண்ணாயிருந்த அவள், 1686 இல் யோகானஸ் பிராண்ட் என்னும் பட்டு வணிகரை மணந்தாள். அவ்வாண்டு முதல் 1710 வரை, ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம், இந்த வீட்டை நிரப்புவதில் ஈடுபட்டிருந்தாள். தச்சர், கண்ணாடி ஊதுவோர், வெள்ளித் தட்டார், கூடை முடைவோர், ஓவியர் ஆகிய பல தொழிலாளரிடமும் பொருள்களைச் செய்யச் சொல்லி வாங்கினாள். நிக்கலாஸ் பீமோன் போன்ற, பெரிய வீடுகளில் சுவரோவியம் தீட்டும் ஓவியரே இச்சிறு சுவரிலும் இயற்கைக் காட்சி தீட்டினர். மொத்தச் செலவு 20,000 கில்டர் முதல் 30,000 கில்டர் வரை ஆகியிருக்கும் என்பர். அக்காலத்தில் அந்நகரின் கால்வாய்க் கரையில் மெய்யான வீடு ஒன்றையே ஏறக்குறைய அத்தொகைக்கு வாங்கலாம்.

பொம்மை வீடு என்ற சொல்லைக் கேட்டதும் குழந்தை விளையாட்டே நினைவுக்கு வரும். தமிழில் 'சிற்றில்' என்ற சொல் சிறுமியர் மணலில் கட்டும் வீட்டைக் குறிப்பது. அது மாலைக்குள் கலைந்துவிடும். இங்குப் பேசப்படுவது அதன் நேர் எதிர். கலையக் கூடாதென்றே கட்டப்பட்டது, குழந்தைகள் கை படாதிருக்கவே பேழைக்குள் வைக்கப்பட்டது. ஆங்கிலேயர் அக்காலத்தில் இவற்றைக் குழந்தை வீடு என்று பொருள்படும் 'பேபி ஹவுஸ்' என்றே அழைத்தனர். அதுவும் மயக்கம் தருவதே. அந்நாளில் ஆங்கிலத்தில் 'பேபி' என்றால் பொம்மை என்றும் பொருள் உண்டு. வளர்ந்த பெண்மணிகளே இவற்றின் உடைமையாளர். அவர்களுடைய நண்பர்களே இவற்றின் பார்வையாளர்.

அறியப்பட்டவற்றுள் பழமையானது ஓர் ஆண்மகனுடையது. பவேரியா நாட்டுக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் மூனிக் நகரில் 1558 இல் ஒரு பொம்மை வீட்டை முடித்து வைத்தான். மகளின் விளையாட்டுக்கு எனத் தொடங்கியதாகக் கூறுவர். முடிந்தபின் அது அவனுடைய கலைப்பொருள் கூடத்திற்கே சென்றது. 1674 இல் மூனிக் அரண்மனையில் பற்றிய தீயில் அது அழிந்திருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். ஆயினும் அது நான்கு நிலை மாளிகை என்பதும், அதில் குதிரை இலாயமும் சமையலறையும் வழிபாட்டறையும் நடனக் கூடமும் இருந்தன என்பதும் இன்று தெரியும். 1598 இல் யோகான் பாப்டிஸ்ட் ஃபிக்ளர் என்பார் கோமகன் கூடத்துப் பொருள்களையெல்லாம் பட்டியலிட்டபோது இதையும் விடாமல் எழுதி வைத்தமையே காரணம். வீடு எரிந்தது, பட்டியல் நின்றது.

அடுத்த நூற்றாண்டில் இக்கலை அரண்மனையை விட்டு நகரத்தார் இல்லங்களுக்கு வந்தது. செர்மனியின் நூரம்பெர்க் நகரம் பித்தளை, ஈயம், மரம் ஆகியவற்றில் வேலை செய்யும் கம்மியர் நிறைந்த ஊர். பெரிய பானை வார்த்த கையே சிறு பானையும் வார்த்தது. அங்கே அன்னா கோஃபர்லின் என்ற மாது 1631 இல் தான் அமைத்த பொம்மை வீட்டைக் கட்டணம் வாங்கிக் கொண்டு பொதுமக்களுக்குக் காட்டினாள். படமும் செய்யுளும் அச்சிட்ட விளம்பரத் தாள் ஒன்றையும் வெளியிட்டாள். இவ்வீட்டைக் கூர்ந்து பார்க்கும் பிள்ளைகள், ஓர் இல்லம் எவ்வாறு ஒழுங்குபட இருக்க வேண்டும் என்பதைக் கற்றுக் கொள்வார்கள் என்பது அத்தாளின் கருத்து. வீடு மறைந்து போயிற்று, தாள் கிடைத்திருக்கிறது.

காட்டிக் கற்பிக்கும் முறைக்கு இது நல்ல சான்று என்று ஆசிரியர்கள் மகிழக்கூடும். மகிழ்வதற்கு முன் ஒன்றை நோக்குதல் வேண்டும். கற்பித்தல் என்பது கட்டணம் வாங்குவோர் கூறும் காரணம். எட்டாத உயரத்தில் இருக்கும் பாத்திரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கறி சமைக்கக் கற்ற சிறுமி எவளும் இருந்திருக்க மாட்டாள். எனினும் அந்தத் தாளில் ஓர் உண்மை இருக்கிறது. எந்தப் பொருள் எந்த அறைக்கு உரியது, எதற்கு அருகே எது இருத்தல் வேண்டும் என்ற வைப்பு முறையைப் பொம்மை வீடு போலக் காட்ட வல்லது வேறொன்றும் இல்லை. பின்னாளில் நூரம்பெர்க்கில் ஓரறைச் சமையற்கட்டுகளைச் சிறிதாகச் செய்து சிறுமியர்க்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வழங்கலாயினர். அவை மெய்யாகவே கையாண்டு விளையாடத் தந்தவை.

அதே நூரம்பெர்க்கின் தேசிய அரும்பொருட்காட்சிசாலையில் 1639 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ட்ரோமர் குடும்பத்துப் பொம்மை வீடு இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு பொருள்கள் அதில் உள்ளன. கூடத்தின் அழகை விடக் கீழ்த்தளமே அதில் சிறப்பு. குதிரை நிற்கும் இலாயம், திராட்சை மது நிலவறை, பண்டம் அடுக்கும் அறைகள், பணியாளர் படுக்கை எல்லாம் அங்கே இருக்கின்றன.

ஆம்ஸ்டர்டாம் மாதரின் வீடுகளுக்கு வருவோம். 1670 முதல் 1710 வரையுள்ள நாற்பதாண்டுகளில் அங்கே உருவான மூன்று பேழைகள் புகழ் பெற்றவை. மூன்றின் உடைமையாளரும் பெட்ரோனெல்லா என்ற பெயரினர் என்பது வேடிக்கையான பொருத்தம். படிப்போர் குழம்புவதற்கும் அதுவே காரணம். பெட்ரோனெல்லா டெ லா கோர்ட் என்பவள் மது வடிசாலை உடையவரின் மனைவி. அவளுடைய வீடு இன்று உட்ரெக்ட் நகரில் உள்ளது. பதினோர் அறைகளும், 28 பொம்மைகளும், சுமார் 1,600 பொருள்களும் கொண்டது. குட்டி ஓவியங்கள் தொங்கும் கலைக்கூடமும் தோட்டமும் கூட அதில் உண்டு. பெட்ரோனெல்லா டுனுவா என்பவள் பெற்றோரை இழந்த செல்வ மகள். 1677 இல் மணமாகி லைடன் நகருக்குச் சென்றபோது தன் பொம்மை வீட்டையும் சீதனத்தோடு கொண்டு சென்றாள். பின்னர் அது அக்குடும்பத்துப் பெண்வழியாகவே இறங்கி வந்தது. அந்த வீட்டின் காலத்தைக் கணிக்க உதவியது ஒரு குண்டூசித் திண்டு. ஊசி குத்தி வைக்கும் அச்சிறு திண்டில் 1676 என்ற ஆண்டு பதிந்திருக்கிறது. கோயில் கட்டியவன் கல்லில் ஆண்டைப் பொறிப்பான்; இல்லத்தரசி ஊசித் திண்டில் பொறித்தாள். மூன்றாமவளே முதலில் கூறிய ஊர்ட்மன்.

இவை வரலாற்று மாணவருக்கு ஏன் வேண்டும்? பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தர் இல்லங்களைப் பற்றி அறிய வேறு வழிகளும் உண்டு. முதலாவது ஓவியம். பீட்டர் டெ ஹோக் 1663 இல் தீட்டிய படம் ஒன்றில், இரு பெண்கள் மடித்த வெள்ளைத் துணியைப் பெரிய அலமாரியில் அடுக்குகின்றனர். அழகிய படம். ஆனால் அந்தத் துணி எங்கே உலர்ந்தது, எவ்வாறு மடிப்பு நீங்கியது என்பதை அது கூறவில்லை. கூரைக்குக் கீழிருக்கும் இருண்ட பரணை விலை கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டுவோர் யார்? இரண்டாவது, இறந்தவர் வீட்டுப் பொருள்களைச் சட்ட எழுத்தர் எழுதி வைத்த சொத்துப் பட்டியல். அதில் செம்புக் கெண்டி மூன்று என்று இருக்கும். மூன்றும் எந்த ஆணியில் எவ்வாறு தொங்கின என்று இராது. மூன்றாவது, எஞ்சிய பொருள்கள். செல்வரின் வெள்ளித் தட்டும் பீங்கான் சாடியும் எஞ்சும். துடைப்பமும் கூடையும் கைப்பிடித் துணியும் தேய்ந்து அடுப்புக்குப் போகும். ஓட்டையான செம்புப் பாத்திரத்தைக் கன்னான் உருக்கிவிடுவான். மிகுதியாகப் பயன்பட்ட பொருளே முதலில் மறைகிறது. பொம்மை வீட்டுத் துடைப்பம் எதையும் பெருக்கவில்லை. ஆகையால் முந்நூறு ஆண்டு பிழைத்தது.

ஊர்ட்மன் வீட்டின் மேல் தட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே துணியை உலர்த்தும் கொடிகளும், துணியை அழுத்தி மடிப்பு நீக்கும் மரப்பொறியும் இருக்கின்றன. அக்காலத்துச் செல்வர் வீட்டில் பெரிய சலவை அடிக்கடி நடப்பதன்று. நெடுநாளுக்கு ஒருமுறையே நடக்கும். அதுவரை தாங்கும் அளவுக்குத் துணி வைத்திருப்பதே செல்வத்தின் அடையாளம். ஒரே நேரத்தில் குவியும் அத்தனை ஈரத்துணியையும் மழை மிகுந்த நாட்டில் கூரைக்கடியில்தான் உலர்த்த வேண்டும். பக்கத்துப் பரணில் எரிபொருள் இருக்கிறது. சதுப்பு நிலத்தை வெட்டிக் காயவைத்த மண்கட்டிகளையே ஒல்லாந்தர் விறகுக்கு மாற்றாக எரித்தனர். அதை நிலவறையில் வைத்தால் ஈரம் ஏறும். ஆகவே கயிறு கட்டி மேலே ஏற்றினர். இவ்வளவு செய்தியும் இரண்டு சிறு அறைகளின் வைப்பு முறையிலிருந்து தெரிய வருகிறது.

கீழ்த்தட்டில் சமையலறை இரண்டு இருப்பதும் கருதத்தக்கது. ஒன்றில் அடுப்பும் சட்டியும் உண்டு. வேலை அங்கே நடக்கும். மற்றொன்று காட்சிக்கு உரியது. பீங்கான் தட்டுகள் வரிசையாக நிற்கும். பெரிய வீட்டாருக்குச் சமையலறையும் ஓர் அணிகலனாய் விட்டது.

எல்லாவற்றிலும் அரியது பேற்றறை. குழந்தை பிறந்த வீட்டிற்கு உற்றார் வந்து தாயைக் காண்பது அங்கே பெரிய சடங்கு. வீட்டிலுள்ள சிறந்த திரையும் சிறந்த போர்வையும் அந்த அறைக்கே வரும். கணப்புக்கு அருகில் செவிலி கால் நீட்டி அமர்ந்து குழந்தையை மடியில் வைத்துத் துடைத்துச் சுற்றுவதற்கென்றே, தரையோடு தாழ்ந்த ஒரு பிரம்பு இருக்கை உண்டு. ஒரு புறம் உயர்ந்து முதுகுக்குச் சாய்வாக நிற்கும், மறுபுறம் தாழ்ந்திருக்கும். பிரம்பில் முடைந்த பொருளாதலால் அந்நாளைய இருக்கைகள் பெரும்பாலும் உளுத்துப் போயின. அதன் வடிவைக் காண விரும்புவோர் பொம்மை வீட்டுப் பேற்றறைகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. எந்தப் போரைப் பற்றியும் எந்த உடன்படிக்கையைப் பற்றியும் இவ்வீடுகள் ஒரு செய்தியும் கூறவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு எப்பக்கம் நெருப்பு இருந்தது என்பதைக் கூறுகின்றன.

இத்தனை ஆடம்பரத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பொருள்களே காட்டிக் கொடுக்கின்றன. ஊர்ட்மன் தன் வீட்டுக்கான சிறு பீங்கான் கலங்களைச் சீனத்திலிருந்து வரவழைத்தாள். 1602 இல் அமைந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பெனியின் கப்பல்களே சீனப் பீங்கானை ஐரோப்பாவுக்குக் குவித்தவை. விரல்நுனி அளவுத் தட்டு ஒன்று பாதி உலகைக் கடந்து, ஒரு பொம்மையின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதே கும்பெனி பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அமர்ந்து, சோழமண்டலக் கரையில் நெய்து வண்ணமிட்ட பருத்தித் துணியை வாங்கியது. சீட்டி எனப்படும் அத்துணியே அந்நாளைய ஒல்லாந்துச் செல்வரின் படுக்கைத் திரையாகவும் வீட்டு மேலங்கியாகவும் விளங்கிற்று. 1641 இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்ததும் அக்கும்பெனியே. ஒல்லாந்து மாதரின் சிறு அலமாரிகளை ஆராய்வது கீழை நாட்டாருக்குத் தொடர்பற்ற பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்வாராக.

இனி, இவ்வீடுகள் கூறுவன எல்லாம் மெய்யா? அப்படி நம்பிவிடுதலும் தவறு. இவை ஒருத்தி வாழ்ந்த வீட்டின் நகல் அல்ல. அவள் வீடு எப்படி இருக்க வேண்டும் என எண்ணினாளோ அதன் வடிவம். இங்கே கரியில்லை, எலியில்லை, உடைந்த கலமில்லை. நோயுற்றவரும் கடன்காரரும் இல்லை. கோடையில் கால்வாயிலிருந்து எழும் நாற்றமும் இல்லை. அவளுடைய செல்வத்துக்காகக் கடலுக்கப்பால் உழைத்தவர்களும் இல்லை. மேலும் மனித உருவங்களே இன்று ஊர்ட்மன் வீட்டில் பெரும்பாலும் இல்லை. 1710 இல் யாக்கோப் அப்பெல் என்னும் ஓவியர் இந்தப் பேழையை அப்படியே படமாக வரைந்தார். அதில் அறைதோறும் பொம்மை மாந்தர் நடமாடுகின்றனர். பொருளுக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு பொருள் என இரண்டும் ஒன்றையொன்று சரிபார்ப்பதற்கு வாய்த்திருப்பது வரலாற்றில் எளிதில் கிடைக்காத பேறு.

பணியாளரைப் பற்றி ஒல்லாந்து வீடுகள் தராத ஒரு செய்தியை இங்கிலாந்து வீடு ஒன்று தருகிறது. யார்க் நகரத்துத் தலைமைப் பேராயர் ஜான் ஷார்ப் என்பாரின் மகள் ஆன் ஷார்ப் வைத்திருந்த பொம்மை வீடு பதினேழாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. ஒல்லாந்து வேலைப்பாட்டின் அருகே வைக்க முடியாத எளிய அலமாரி அது. ஆனால் அதிலுள்ள பொம்மைகளின் ஆடையில் பெயர் எழுதிய துண்டுத் தாள்கள் குத்தப்பட்டுள்ளன. வீட்டுத் தலைவிக்கு மட்டுமின்றி, அறைப் பணிப்பெண்ணுக்கும் உணவு பரிமாறும் பணியாளுக்கும் பெயர் உண்டு. பணிப்பெண் ஃபேனி லாங், பணியாள் ரோஜர். வேலைக்காரரைப் பெயரோடு நினைப்பது அக்காலத்து ஏடுகளில் அருமை.

செய்வித்த மாதருக்கே பெயர் மறுக்கப்பட்ட கதையும் உண்டு. ஊர்ட்மன் வீட்டை ருசியப் பேரரசன் பீட்டரோடு இணைத்து ஒரு செவிவழிக் கதை நெடுங்காலம் உலவிற்று. இத்துணைச் சிறந்த பொருள் ஒரு பேரரசனுக்கன்றி வணிகர் மனைவிக்கு எதற்கு என்ற நினைப்பே அக்கதைக்கு வேர் போலும். அதை வீழ்த்தியது வீட்டுக்குள்ளேயே இருந்த சிறு தையல் வேலை. பிராண்ட், ஊர்ட்மன் என்ற இரு பெயர்களின் முதலெழுத்துகள் அதில் இருக்கின்றன. அண்மையில், 2014 இல், ஜெசி பர்ட்டன் என்னும் ஆங்கில எழுத்தாளர் இந்த வீட்டைப் பார்த்த தூண்டுதலால் ஒரு நாவல் எழுதினார். அது பல மொழிகளில் பரவியது. அதில் வரும் பதினெட்டு வயது நெல்லா முழுக்கக் கற்பனை. மெய்யான பெட்ரோனெல்லா இவ்வீட்டைத் தொடங்கியபோது முப்பது வயதினள். அரசனை நீக்கிய இடத்தில் ஒரு கதைத் தலைவியை அமர்த்திவிடாமல் பார்த்துக் கொள்வது வாசகர் கடமை.

இக்குறை நேராதபடி தானே முன்னெச்சரிக்கை செய்து கொண்டவள் ஒருத்தி உண்டு. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த சாரா ரோத்தே 1743 இல் ஏலத்தில் மூன்று பழைய பொம்மை வீடுகளை வாங்கினாள். பழம்பொருளைப் பழம்பொருளாகவே வைக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. மூன்றையும் பிரித்துப் புதிய பேழை இரண்டில் தன் விருப்பப்படி மாற்றி அமைத்தாள். ஆராய்ச்சியாளருக்கு இது தலைவலியாக முடிந்திருக்கும். ஒரே அறையில் பாட்டி காலத்து நாற்காலியும் பேத்தி காலத்து வெள்ளிக் கெண்டியும் கலந்து கிடந்தால் எதை எக்காலத்துக்கு உரியதென்பது? ஆனால் அவள் குறிப்பேடுகள் வைத்திருந்தாள். எந்தப் பொருள் பழைய வீட்டிலிருந்து வந்தது, எதைப் புதிதாக வாங்கினாள், அதற்கு என்ன விலை, எந்தத் தையலைத் தன் கையால் செய்தாள் என்று எழுதி வைத்தாள். பேழைகளுள் ஒன்று ஹார்லெம் நகரிலும் மற்றொன்று ஹேக் நகரிலும் இன்று காட்சிக்கு உள்ளன. அவ்விரண்டையும் ஆராய்வோர் ஒரு கையில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் மறு கையில் சாராவின் கணக்குமாக அறை அறையாகச் செல்கின்றனர்.